நாழிகை வழியும் வான் வழியும்



கொல்லிமலையின் கிழக்கு அடிவாரத்திலே, திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூர் வட்டத்தில், புளியஞ்சோலை என்றோர் ஊர் இருக்கிறது. மலைமேல் அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கை என்னும் அருவியாக வீழும் ஐயாறு, காட்டினூடே பாறைகளைத் தழுவிக்கொண்டு இறங்கி, இவ்வூரை வந்தடைகிறது. விடுமுறை நாட்களில் அந்த ஓடையிலே நீராடுவதற்காக மாணவர் பலர் அங்கே செல்வதுண்டு. இவ்வூரில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மலைமுகடு கண்ணெதிரே நிற்கிறது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தோன்றுகிறது. அங்குள்ள பெரியவர் ஒருவரிடம், "ஐயா, மேலே கோயிலுக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் இத்தனை மைல் என்றோ, இத்தனை கிலோமீட்டர் என்றோ பெரும்பாலும் சொல்லமாட்டார். "காலையில் ஏறினால் உச்சிப்பொழுதுக்குள் போய்விடலாம்" என்பதுபோல் விடை வரும்.

நாம் கேட்டது தூரம். அவர் சொன்னது நேரம். படித்த பிள்ளைகள் இதனைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். ஆயினும் சிரிப்பதற்கு இதிலே ஒன்றும் இல்லை. நேற்று வரையில் நம் முன்னோர் யாவரும் அப்படித்தான் அளந்தார்கள். இன்று நாமுங்கூட, "சிங்கப்பூர் என்ன தூரம், நான்கு மணி நேரந்தானே?" என்று பேசும்பொழுது அப்பெரியவரைப் போலவே பேசுகிறோம். ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள தொலைவு வேறு, அத்தொலைவைக் கடக்க ஆகும் நேரம் வேறு. இவ்விரண்டும் ஒன்றாயிருந்த காலம் எது, பிரிந்த காலம் எது, பிரிந்ததனால் மனிதர் பெற்றது என்ன என்பதையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

நம் பழைய கணக்கு நூல்களிலே 'நாழிகை வழி' என்று ஓர் அளவை உண்டு. நாழிகை என்பது காலத்தின் அளவு. ஒரு நாளை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நாழிகை, அதாவது இன்றைய 24 நிமிடம். ஒரு மனிதன் ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கும் தொலைவே ஒரு நாழிகை வழி. ஏழரை நாழிகை வழி கொண்டது ஒரு காதம். காதம் என்பது வட்டாரந்தோறும் சிறிது மாறுபடினும், ஏறத்தாழப் பத்து மைல் என்று கொள்வது வழக்கம்.

இக்கணக்கு மெய்தானா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பத்து மைலை ஏழரையால் வகுத்தால் ஒன்றே கால் மைலுக்குச் சற்று அதிகமாக, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வரும். அதை 24 நிமிடத்தில் நடக்க வேண்டுமானால் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சிறிது மேலான வேகம் தேவை. உடல் நலமுள்ள ஒருவன் சமவெளியிலே நடக்கும் இயல்பான வேகமும் அதுவே. நம் முன்னோர் அளவுகோலை மரத்திலோ இரும்பிலோ செய்து வைக்கவில்லை. மனிதனுடைய காலடியிலே செய்து வைத்தார்கள். எல்லோரும் நடந்தே சென்ற உலகத்திலே, தூரத்தைச் சொன்னாலும் நேரத்தைச் சொன்னாலும் பொருள் ஒன்றே.

பெருவழிகளிலே அக்காலத்தார் நட்டுவைத்த காதக் கற்களும் நமக்குக் கிடைத்துள்ளன. தருமபுரிப் பகுதியிலே அதியமான் பெருவழி என்ற பாதையைக் குறிக்கும் 13-ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று கிடைத்திருக்கிறது. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு அங்கிருந்து 29 காதம் என்று அதில் எழுதப்பட்டுள்ளது. எழுத்தறியாத வழிப்போக்கனும் அறிந்துகொள்ளட்டும் என்று, இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் அக்கல்லிலே வெட்டி வைத்தார்கள். அக்குழிகளைத் தடவிப் பார்த்த வழிப்போக்கன், இன்னும் எத்தனை பொழுது நடக்க வேண்டும், எந்தச் சாவடியிலே இரவைக் கழிக்க வேண்டும் என்று கணக்கிட்டிருப்பான்.

நிற்க. தொலைவை நேரத்திலிருந்து பிரித்து, தனியாக அளக்கும் முயற்சியும் தமிழ்நாட்டு மண்ணிலேயே பெரிய அளவில் தொடங்கியது. 1792-ஆம் ஆண்டிலே சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் ஒன்று அமைந்தது. வானத்தைப் பார்த்து, பூமியின்மேல் சென்னை எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பதை அங்கே கணித்தார்கள். 1802-ஆம் ஆண்டிலே வில்லியம் லாம்டன் என்பார், பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் மிக நுட்பமாக அளந்தார். அந்த ஒரு கோட்டை அடிப்படையாகக் கொண்டு, குன்றிலிருந்து குன்றுக்கும் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கும் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் கணக்கிட்டுக்கொண்டு செல்வதே அவருடைய முறை.

சமவெளியான சோழநாட்டிலே குன்றுகள் இல்லாமையால் கோயில் கோபுரங்களையே அவர் நாடவேண்டி வந்தது. 1808-ஆம் ஆண்டிலே தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் கோணமானி என்னும் பெருங்கருவியை ஏற்றும்பொழுது கயிறு அறுந்தது. கருவி மோதிச் சிதைந்தது. அவர் மனந்தளராமல் ஆறு வாரம் உழைத்துத் தாமே அதனைச் செப்பனிட்டார்.

இம்முயற்சியால் நமக்குக் கிடைத்தது என்ன? ஆறு குறுக்கிட்டாலும், காடு குறுக்கிட்டாலும், மலையே குறுக்கிட்டாலும், அவற்றையெல்லாம் பொருட்படுத்தாமல் ஓரிடத்திற்கும் மற்றோரிடத்திற்கும் உள்ள நேர்த் தொலைவைச் சொல்லும் ஆற்றல் கிடைத்தது. கால்நடையாகச் செல்லும் எவனுக்கும் அந்நாளில் அந்தத் தொலைவு பயன்படவில்லை; பறவைக்கு மட்டுமே அது உரியதாயிருந்தது. மனிதன் பறக்கத் தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னதாகவே, பறக்கும் வழியின் நீளத்தை அவன் அளந்து வைத்துக்கொண்டான் என்று சொல்லலாம்.

இனி, இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். புளியஞ்சோலைக்குச் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருச்சிராப்பள்ளி. அங்கே விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கடல் கடந்து நெடுங்காலமாக நம் மக்கள் சென்று வரும் ஊர் சிங்கப்பூர். திருச்சிராப்பள்ளி வடக்கு அட்சரேகை பத்தே முக்கால் பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகைக்கு மேலும் இருக்கிறது. சிங்கப்பூரோ பூமத்தியரேகைக்கு மிக அருகில், கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையை ஒட்டி இருக்கிறது. பூமி உருண்டை வடிவினது. ஆகவே இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில்லாகும். ஓர் உருண்டையின்மேல் இரண்டு புள்ளிகளை வைத்து, ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்த வழியாகப் படிகிறதோ அதுவே அந்த வில். இவ்விரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே அவ்வில்லின் அளவைக் கணக்கிட்டால் சுமார் 27 பாகை வருகிறது; கிலோமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 2,980. கப்பலோட்டிகளும் விமானிகளும் வழங்கும் கடல் மைலில் சொன்னால் ஏறத்தாழ 1,610. பாகையை அறுபதாகப் பகுத்தால் வரும் ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்பது கணக்கு. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்.

பழைய அளவிலே இதனைச் சொல்ல விரும்பினால் சுமார் 186 காதம் ஆகும். கடலின்மேல் நடக்கக் கூடுமாயின், நாளொன்றுக்கு இரண்டு காதம் நடக்கும் ஒருவன் மூன்று மாதத்திலே சிங்கப்பூரை அடைவான். இந்த 2,980 கிலோமீட்டர் என்பது மாறாத எண். சோழர் காலத்திலும் அதுவே, இன்றும் அதுவே. ஆனால் அதனைக் கடக்கும் நேரம் எவ்வாறெல்லாம் மாறி வந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஏழாம் நூற்றாண்டிலே இந்நாட்டுக்கு வந்த இத்சிங் என்னும் சீனத் துறவி, தம்மைப்போலப் பயணம் செய்த மற்றத் துறவிகளைப் பற்றியும் எழுதி வைத்தார். அவர்களுள் ஒருவர் கடாரத்திலிருந்து கப்பலேறி மேற்கே வந்து, முப்பது நாளில் நாகப்பட்டினத்தை அடைந்தார் என்று அதிலே குறிக்கப்பட்டுள்ளது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. சிங்கப்பூரைவிட நமக்கு நெருங்கியது. அதற்கே முப்பது நாள்.

அதுவும் காற்று வாய்த்தால்தான். பாய்மரக் கப்பல் மனிதன் நினைத்த நாளிலே புறப்படாது. பருவக்காற்று நினைத்த நாளிலேதான் புறப்படும். ஒரு பருவத்துக் காற்றிலே சென்றவன், அடுத்த பருவத்துக் காற்று எதிர்த்திசையில் திரும்பும் வரையில் அயலூரிலே காத்திருக்க வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறிய பாகியான், புயலிலே சிக்கித் தொண்ணூறு நாளுக்கு மேல் கடலிலே அலைந்து, பின்னர் யாவக நாட்டிலே ஐந்து மாதம் தங்க நேர்ந்தது. இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டில் கடாரத்தின்மேல் படை செலுத்தினான் என்று படிக்கும்பொழுது, அந்தப் படையும் காற்றுக்குக் காத்திருந்தே சென்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அக்காலத்திலே கடல்வழியின் நீளத்தை நிர்ணயித்தது காற்றேயன்றிக் கணக்கன்று.

நீராவிக் கப்பல் வந்தபொழுது இந்நிலை மாறியது. காற்று எத்திசையில் வீசினும் குறித்த நாளில் புறப்பட்டுக் குறித்த நாளில் சேரலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, மலாயாவின் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலே ஆள் சேர்த்தார்கள். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து மக்கள் கங்காணிகளின் பின்னே சென்றார்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களிலே தங்கிக் கப்பலேறினார்கள். 1938-ஆம் ஆண்டிலே இந்திய அரசாங்கம் இத்தகைய ஆள்சேர்ப்பைத் தடை செய்யும் வரையில் அப்போக்கு நீடித்தது.

1926-ஆம் ஆண்டிலே கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரை உங்கள் வீட்டுப் பெரியோர் சிலர் கேட்டிருப்பர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம் ஆகியவற்றைத் தொட்டு, சிங்கப்பூர் சென்று சேரும். இடையிலே உலகப் போர்க் காலம் நீங்கலாக, 1973 வரையில் அக்கப்பல் அவ்வழியிலே உழைத்தது. மேல்தட்டிலே பாய் விரித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் அதிலே சென்றார்கள். பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். முப்பது நாள் ஏழு நாளாயிற்று.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கப்பல் ஒரு வாரத்திலே சென்றுகொண்டிருந்த அதே காலத்திலே, செய்தி அதனினும் விரைவாகச் சென்றது. சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடித் தந்திக் கம்பி 1871-ஆம் ஆண்டிலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. துறையூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலே ஒருவர் இறந்தால், மலாயாவிலே உள்ள அவருடைய மகனுக்குத் தந்தி ஓரிரு நாளிலே கிட்டிவிடும். ஆனால் அவன் வந்து சேர வேண்டுமே! தோட்டத்திலே விடுப்புக் கேட்டு, கப்பல் புறப்படும் நாள் வரையில் காத்திருந்து, ஒரு வாரம் கடலிலே கழித்து, நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலும் மாட்டு வண்டியுமாக ஊர் வந்து சேர்வதற்குள், பதினாறாம் நாள் கருமாதியும் முடிந்திருக்கும். துயரத்தை அறிவிக்க ஒரு நாள். துயரத்திலே பங்கு கொள்ள மூன்று வாரம். இந்த இடைவெளியிலேதான் அக்காலத்துக் கடல் கடந்த தமிழர் வாழ்வின் பெருந்துன்பம் குடியிருந்தது. தந்தை முகத்தைக் கடைசியாகக் காணும் பேறு கப்பலிலே சென்றவர்களுக்கு இல்லை என்பதே பொது விதியாயிருந்தது.

ஆகாய விமானத்தின் வரலாறு இந்த இடைவெளியை மூடிய வரலாறுதான். அது எளிய முறையிலே தொடங்கியது. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனி வரையில், ஏறத்தாழ ஆறு மைல், சுமார் 6,500 கடிதங்களை எடுத்துச் சென்றார். நடந்தே சென்றுவிடக்கூடிய அவ்வளவு சிறிய தொலைவிலே வான் அஞ்சல் பிறந்தது. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா ஒரு சிறிய பஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெற்று, பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். 1938-ஆம் ஆண்டிலே அவ்வழி திருச்சிராப்பள்ளியைத் தொட்டுக் கொழும்பு வரையில் நீண்டது. அன்று முதல் திருச்சிராப்பள்ளி, நிலத்திலே ரயில் பாதைகள் கூடும் இடமாயிருந்ததோடு, வான் பாதையிலும் ஒரு தங்குமிடமாயிற்று.

1954-ஆம் ஆண்டிலே ஏர் இந்தியா நிறுவனம் சென்னையைச் சிங்கப்பூருடன் வான்வழியாக இணைத்தது. அக்காலத்துக் கான்ஸ்டலேஷன் விமானம் நான்கு விசிறிகளால் இயங்கியது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,920 கிலோமீட்டர். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால், ஆறு மணி நேரத்திலே போய்விடலாம். 1960-ஆம் ஆண்டிலே அந்நிறுவனம் ஜெட் விமானங்களை வாங்கியபொழுது, அந்நேரம் மேலும் குறைந்தது. ஏழு நாள் என்பது அரை நாளினும் சிறியதாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் விமானக் கட்டணம் தோட்டத் தொழிலாளிக்கு எட்டாத உயரத்திலே இருந்தமையால், பல்லாண்டு வரையில் வசதியுள்ளவர்கள் வானிலும் மற்றவர்கள் 'ரஜூலா'விலுமாகவே சென்றார்கள். விரைவு என்பது முதலிலே சிலருக்கே கிட்டுகிறது. பலருக்குக் கிட்டும்பொழுதுதான் அது வரலாறாகிறது.

இன்று திருச்சிராப்பள்ளியிலிருந்தே சிங்கப்பூருக்கு நேராக விமானங்கள் செல்கின்றன. 2012-ஆம் ஆண்டிலே அது பன்னாட்டு விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது; 2024 சனவரியிலே அதன் புதிய முனையம் திறந்து வைக்கப்பட்டது. பயண நேரம் நான்கு மணிக்குச் சற்று அதிகம். கணக்குப் போடுவதில் வல்ல மாணவர் ஒருவர் இவ்விடத்தில் என்னைத் தடுத்துக் கேட்கலாம்: "ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் அதிகமாயிற்றே! 2,980 கிலோமீட்டரைக் கடக்க மூன்றரை மணி போதாதா?" நல்ல கேள்வி. விமான நிறுவனம் கூறும் பயண நேரம் என்பது, விமானம் தன் நிலையிடத்தை விட்டு நகரும் நொடி தொடங்கி, மறுமுனையில் நிலையிடத்தில் நிற்கும் நொடி வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மெல்ல உயர்வதும், இறங்குவதற்குமுன் வேகத்தைத் தணிப்பதும், முறைக்குக் காத்திருப்பதும் அதிலே அடங்கும். மேலும், விமானம் நூல் பிடித்தாற்போல் நேர்வழியிலே செல்வதில்லை. வானிலும் வகுக்கப்பட்ட பாதைகளும் திருப்பங்களும் உண்டு. எதிர்க்காற்று தாமதப்படுத்தும், பின்காற்று விரைவுபடுத்தும். காற்றின் ஆட்சி முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. மாதக் கணக்கிலிருந்து நிமிடக் கணக்குக்கு அது இறங்கி வந்துவிட்டது.

கடிகாரமும் நம்மை மயக்கும். திருச்சிராப்பள்ளியிலே நள்ளிரவு கழிந்து ஒரு மணிக்குப் புறப்பட்டு, நான்கே கால் மணி நேரம் பறந்தால், நம் கணக்குப்படி காலை 5.15. ஆனால் சிங்கப்பூரின் கடிகாரம் 7.45 காட்டும், அவர்களுடைய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. இத்தனைக்கும், இரண்டு ஊர்களுக்கும் உள்ள தீர்க்கரேகை வேறுபாடு சுமார் 25 பாகையே. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், சூரியன் அங்கே நம்மைவிட ஒரு மணி 41 நிமிடமே முந்தி உதிக்க வேண்டும். மீதி 49 நிமிடம் மனிதர் செய்த ஏற்பாடு. 1982-ஆம் ஆண்டு பிறந்தபொழுது சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது. அதற்குமுன் நமக்கும் அதற்கும் வேறுபாடு இரண்டு மணி நேரமே. நம் நாட்டிலுங்கூட 1906-ஆம் ஆண்டிலே இந்தியப் பொதுநேரம் ஏற்படுவதற்கு முன், ரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றி ஓடின. ஆகவே தொலைவு இயற்கையினுடையது. கடிகாரம் மனிதருடையது என்று அறிக.

இவ்வளவும் கேட்டபின், அறிவியல் வளர வளர நேரம் குறைந்துகொண்டே போகும், இனி அது ஒருநாளும் கூடாது என்று நீங்கள் எண்ணக்கூடும். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியர் கையிலே வீழ்ந்தது. அன்று முதல் 1945 செப்டம்பரில் அவர்கள் அங்கே முறைப்படி சரணடையும் வரையில், தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் கப்பல் இல்லை. வழக்கமான அஞ்சலும் இல்லை. கணவன் உயிரோடிருக்கிறானா என்று அறியாத மனைவிமார் நம் சிற்றூர்களிலே மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தனர். 2,980 கிலோமீட்டர் ஓர் அங்குலமும் கூடவில்லை. ஆனால் முப்பது நாளாக இருந்து ஏழு நாளாகக் குறைந்த வழி, மூன்றரை ஆண்டாக நீண்டுவிட்டது.

நம் காலத்திலேயே அதன் நிழலைக் கண்டோம். பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் 23 முதல் நம் நாட்டின் வழக்கமான பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. சிறப்பு விமானங்களும் நாடுகளுக்கிடையே செய்துகொண்ட ஏற்பாடுகளும் இடையிலே உதவின. எனினும் வழக்கமான போக்குவரத்து 2022 மார்ச் 27 அன்றே திரும்பியது. நான்கு மணி நேரத்து ஊரிலே இருந்துகொண்டு, பெற்றோரின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையிலே கண்டு கண்ணீர் விட்ட பிள்ளைகள் பலர். செய்தி நொடியிலே வந்தது. ஆள் வர இயலவில்லை. தந்திக் காலத்து மகனின் துயரம் மீண்டும் ஒருமுறை நம் வாயிலில் வந்து நின்றது. பயண நேரத்தை நிர்ணயிப்பது விமானத்தின் வேகம் மட்டுமன்று. வழி திறந்திருக்கிறதா என்பதும், செல்பவனுக்கு அவ்வழி எட்டுகிறதா என்பதுமே முதற்கேள்விகள்.

இந்த எண்ணத்தோடு மீண்டும் புளியஞ்சோலைக்கு வருவோம். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறிது பறந்து திருச்சிராப்பள்ளியிலே இறங்குகிறார். துறையூர் வழியாகப் பேருந்திலே புளியஞ்சோலை வந்து சேர இரண்டு மணிக்கு மேல் ஆகிறது. 2,980 கிலோமீட்டருக்கு நான்கு மணி. 70 கிலோமீட்டருக்கு இரண்டு மணி. அவருடைய உறவினர் மலைமேலே இருந்தால் கணக்கு இன்னும் வியப்பாகும். மலைமுகடு நேர்க்கோட்டிலே சில கிலோமீட்டரே. ஆனால் வாகனத்திலே செல்ல வேண்டுமானால், மலையைச் சுற்றிக்கொண்டு நாமக்கல் மாவட்டத்துப் பக்கம் போய், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். அன்றேல், ஐயாற்றின் ஓரமாகக் காட்டுப்பாதையிலே, பெரியவர் சொன்னபடி, காலையிலே தொடங்கி உச்சிப்பொழுதிலே சேர வேண்டும். சிங்கப்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளி வர ஆகும் நேரமும், கண்ணெதிரே தெரியும் முகட்டை அடைய ஆகும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன.

சுற்றுலா செல்பவனுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். மலைவாழ் மக்களுக்கு இது வாழ்வும் சாவும் பற்றியது. சாலை எட்டாத மலையூர்களிலிருந்து நோயாளியையும் பேறுகாலத்துப் பெண்ணையும் தூளி கட்டித் தோளிலே சுமந்து இறக்கும் வழக்கம் தமிழ்நாட்டு மலைகளிலே நெடுங்காலம் இருந்தது; சில இடங்களிலே இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அவர்களுக்கு மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்பது வெறும் எண்; எத்தனை நாழிகை என்பதே உயிர். நாழிகை வழி என்னும் பழைய அளவை அங்கே இன்னும் வழக்கிலே இருக்கிறது என்றால், அது அவர்களுடைய அறியாமையினால் அன்று. நம்முடைய வேகம் அவர்களை இன்னும் சென்றடையாததனால்தான்.

மாணவ நேயர்களே! உலகப் படத்தை விரித்து வைத்து இரண்டு நகரங்களுக்கு இடையே கோடு வரைந்து அளப்பது இன்று எவருக்கும் எளிது. அளந்தபின் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கப் பழகுங்கள். இந்தத் தொலைவைக் கடக்க அன்று எத்தனை நாள் ஆயிற்று? இன்று எத்தனை மணி ஆகிறது? அந்த மணிக்கணக்கு யாருக்குக் கிட்டியிருக்கிறது, யாருக்கு இன்னும் கிட்டவில்லை? முதற்கேள்வி உங்களை வரலாற்றுக்கு அழைத்துச் செல்லும். இரண்டாவது அறிவியலுக்கு அழைத்துச் செல்லும். மூன்றாவது, உங்களுள் சிலரையேனும், மலைப்பாதை போடும் பொறியாளராகவும், மலையூரிலே தங்கும் மருத்துவராகவும், அங்கே பள்ளி நடத்தும் ஆசிரியராகவும் ஆக்கும்.

அடுத்த முறை புளியஞ்சோலைக்குச் செல்லும்பொழுது, ஓடையிலே நீராடிக் கரையேறிய பின் சற்று நேரம் பாறையின்மேல் அமர்ந்து நிமிர்ந்து பாருங்கள். என்றேனும் ஒரு விமானம் மலைமுகட்டுக்கு மேலே வெண்புள்ளியாகச் செல்லக் காணலாம். அதே வேளையில், தலையிலே சுமையோடு ஒருவர் மலைப்பாதையிலே இறங்கி வருவதையும் காணலாம். விமானம் மறைந்த பிறகும் அவர் நடந்துகொண்டிருப்பார். அவரிடம் மேலே எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையைப் பணிவோடு கேட்டுக்கொள்ளுங்கள்.